பொட்டு வைத்த பிள்ளையும் பெட்டி பார்க்கும் கேமராவும்

கேமரா மாட்டுகிற வேலை என்று சொன்னால், எங்கள் விருதுநகர்ப் பக்கம் அடுத்து வரும் கேள்வி, "கல்யாண ஆல்பமும் நீங்களே போட்டுத் தந்துருவீகளா?" என்பதுதான். நான் மாட்டும் கேமரா கல்யாணமும் எடுக்காது, திருடனையும் பிடிக்காது. கம்பெனி மிஷினில் வரிசையாக வருகிற பொருளைப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று தானே முடிவு செய்யும். அதற்கான மூளையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மூளைக்குக் கரண்ட் கொடுத்து, வயர் இழுத்து, லேப்டாப்போடு பேச வைத்து, நல்லது எது கெட்டது எது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மோட்டார் ரிப்பேர், ஃபிரிட்ஜ் ரிப்பேர், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போன இடத்தில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்று யோசனை சொல்ல, நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தலை சீவிக்கொண்டவர்கள்

அது பட்டாசுக்குப் பெட்டி அடித்துக் கொடுக்கும் கம்பெனி. அச்சடித்த அட்டையை மடித்து ஒட்டிப் பெட்டியாக்க ஒரு மிஷின். பெட்டிகள் வெளியே வரும் பெல்ட்டின் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் முத்துமாரி அக்கா. ஆனைக்குட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மை இழுவிய பெட்டி, எழுத்து விட்டுப்போன பெட்டி, ஒட்டு கோணிய பெட்டி எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போடுவது அவர் வேலை. சீசன் அவசரத்தில் கொஞ்சம் கெட்ட பெட்டிகள் தப்பிப் போய்விட்டன. பட்டாசுக் கம்பெனி ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. உடனே முதலாளி (அங்கே எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி) கேமராவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

நான் கேமராவை வெளியே எடுத்ததும் அங்கிருந்த பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருத்தி அவசரமாகத் தலை சீவினாள். "உங்களை எடுக்காதும்மா, பெட்டியத்தான் எடுக்கும்" என்றதும் ஒரே சிரிப்பு. முத்துமாரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இங்கே வருவதற்கு முன்னால் அவர் பட்டாசு ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தவர். இடது கையில் முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு. இனிமேல் மருந்தைத் தொடமாட்டேன் என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு இந்த ஸ்டூலுக்கு வந்தவர். கேமராவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "இது நல்லாப் பாத்துச்சுன்னா, நான் மறுபடி மருந்துக்குத்தான் போகணுமா தம்பி?"

ஒரே தெரு

பதில் தெரியாதபோது வயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்ளலாம் என்பது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வசதி. குனிந்துகொண்டேன். கரண்ட் கொடுத்தாயிற்று, பச்சை விளக்கு எரிகிறது. லேப்டாப்பில் வயரையும் சொருகியாயிற்று. ஆனால் லேப்டாப், கேமரா என்று ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனி எலக்ட்ரீசியன் செல்வம் பின்னால் நின்றுகொண்டு, அணைத்துப் போடச் சொன்னார், வயரைத் திருப்பிப் போடச் சொன்னார், கொஞ்ச நேரம் ஆறவிடச் சொன்னார்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கேமராவுக்கு ஒரு நம்பர், லேப்டாப்புக்கு ஒரு நம்பர், வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. இரண்டும் ஒரே தெருவில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும். புதுக் கேமரா வரும்போது வேறு தெருவில் இருக்கும், நாம்தான் குடிமாற்றி வைக்க வேண்டும். நம்பரை மாற்றியதும் திரையில் படம் பளிச்சென்று வந்தது. கேமரா முதன்முதலாகப் பார்த்தது பெட்டியை அல்ல, பெல்ட்டின் மேல் பெட்டியை எடுத்து வைத்த முத்துமாரி அக்காவின் தழும்புக் கையை. செல்வத்துக்கு மட்டும் தெரு விஷயத்தில் திருப்தி இல்லை. "என்ன சார் சொல்றீக, நானும் எந் தம்பியும் ஒரே தெருதான், எட்டு வச்சா வீடு, பேச்சுவார்த்தையே கெடையாது!"

வெள்ளிக்கிழமை

முதல் வெள்ளிக்கிழமை காலை வேறொரு வேலையாகக் காரியாபட்டி போய்விட்டு மதியம் வந்து சேர்ந்தேன். உள்ளே நுழையும்போதே புஸ் புஸ் என்று சத்தம். கெட்ட பெட்டி வந்தால் காற்றடித்துத் தள்ளுவதற்கு ஒரு குழாய் வைத்திருந்தேன். அது வருகிற பெட்டியை எல்லாம் தள்ளிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் பார்த்தால் படம் முழுக்க ஒரே சிவப்பு. ஓடிப்போய்க் கேமராவைத் திருப்பினேன். லென்சின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

வெள்ளிக்கிழமை என்றால் அங்கே எல்லா மிஷினுக்கும் பொட்டு உண்டு. அந்த வேலை முத்துமாரி அக்காவுடையது. புதிதாக வந்ததை மட்டும் விட்டுவிட அவருக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உடம்புல எங்க வேணா வைங்கக்கா, கண்ணாடியில மட்டும் வேண்டாம்" என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேமராவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நெத்தியில வைக்கணும்னுதான் பாத்தேன், இதுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே தம்பி!" என்றார்.

சாயங்கால வெயில்

பகலெல்லாம் ஒழுங்காக வேலை பார்க்கும். வெயில் சாய்ந்ததும் கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். தகரக் கூரை இடுக்கு வழியாக வெயில் சரியாகப் பெல்ட்டின் மேல் விழும். வழவழப்பான அட்டையில் பட்டுத் திரும்பும். படம் வெள்ளையாகிவிடும். இருட்டுத் துணி போட்டு மறைக்க வேண்டும், மதுரையிலிருந்து நாளைக்கு வரும் என்றேன். நாளைக்கு என்ற சொல்லே அண்ணாச்சிக்குப் பிடிக்காது. இன்றைக்கே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விழித்துக்கொண்டு நிற்கையில், முத்துமாரி அக்கா தன் பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்தார். கருநீலம். வேலை முடிந்து மாற்றிக் கட்டிக்கொண்டு போவதற்காக வைத்திருந்தது. செல்வம் ஏணியைப் பிடிக்க, இரண்டு கம்பிக்கு நடுவில் அவரே அதை இழுத்துக் கட்டினார். வெயில் நின்றது, கேமரா தெளிந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "ஏன்க்கா, ஒங்க எடத்தப் பிடிக்க வந்த சாமான் இது. இதுக்குப் போயி சேலையக் கட்டுறீகளே" என்று கேட்டே விட்டேன். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அதுக்காவ? காலையிலருந்து சாப்பிடாம நிக்கீக, வேல முடியாம வீட்டுக்குப் போனா ஒங்க மொகத்தப் பாத்துட்டு ஒங்க வீட்டுக் கைப்பிள்ள என்ன செய்யும்?"

மாதிரிப் பெட்டி

கேமராவுக்குப் பாடம் நடத்தும் முறை எளிது. குறையே இல்லாத ஒரு பெட்டியைக் காட்டி, இதுதான் சரி என்று பதிந்துவிட வேண்டும். அப்புறம் வருவதெல்லாம் அதைப் போல இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். புது டிசைன் அட்டை அன்றைக்குத்தான் அச்சடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக வந்திருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டி, மேலே ஒரு பிள்ளையின் சிரித்த முகம். முதல் கட்டைப் பிரித்து மிஷினில் கொஞ்சம் ஓட்டி, வந்ததில் ஒரு பெட்டியை முத்துமாரி அக்கா தேர்ந்து கொடுத்தார். "இதுதான் இருக்கதுலயே அளகா இருக்கு." பிள்ளையின் கன்னத்தில் கறுப்பாய் ஒரு பொட்டு. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. பதிந்துவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி முன்னால் மிஷினை ஓட்டினோம். கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. அடுத்த கட்டு ஏறியதும் புஸ், புஸ், புஸ். கூடை நிறையச் சிரித்த பிள்ளைகள். எந்தப் பிள்ளை கன்னத்திலும் பொட்டு இல்லை. அப்புறம்தான் விளங்கியது. அச்சுப் பிளேட்டில் ஒரு மூலையில் தூசி உட்கார்ந்து, அங்கே விழுந்த மைதான் அந்தப் பொட்டு. ஒரு பெரிய தாளில் பல பெட்டிக்குச் சேர்த்து அச்சடித்து வெட்டுவார்கள்; ஒரே மூலையில் வெட்டிய அட்டைகள் ஒரே கட்டாக வந்ததால், முதல் கட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொட்டு. கெட்ட பெட்டியைக் காட்டி, இதுதான் நல்லது என்று பாடம் நடத்தியிருக்கிறோம்.

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "இம்புட்டு வருசம் பெட்டி பாத்துட்டு, மை விழுந்ததுகூடத் தெரியலையாம்மா?" என்றார். முத்துமாரி அக்கா ஸ்டூலுக்கு அடியில் இருந்த சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். "அண்ணாச்சி, நானும்தான் பார்த்தேன். எங்க வீட்டுல ஒரு வயசுல பிள்ளை இருக்கு. தெனம் கன்னத்துல மை வச்சு விட்டுட்டுத்தான் வேலைக்குக் கெளம்புறேன். எனக்கும் அது அச்சுப் பிழைன்னு தோணல" என்றேன். "பிள்ள கொளுகொளுன்னு இருக்கு, ஊர்க் கண்ணு படும்ல, பெத்தவுக வச்சு விட்டுருக்காகன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணாச்சி பொட்டு வைத்த பெட்டி ஒன்றையும் வைக்காத பெட்டி ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "இது எம் பேத்தி. மெட்ராஸ்ல இருக்கா. ஊரு பூராம் பாக்குற படத்துல அவளக் கொண்டாந்து போட்டேனே, ஒரு பொட்டு வைக்கணும்னு எனக்குத் தோணலையேம்மா!"

சந்தேகம் வந்தால்

அன்றைக்கு மதியம் சரியான பெட்டியைக் காட்டி மறுபடி பாடம் நடத்தினேன். தூசி விழுந்த மூலைப் பெட்டிகள் மட்டும் போய்க் கூடையில் விழுந்தன. அவற்றோடு ஒன்றிரண்டு நல்ல பெட்டியும் விழுந்தது. அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கேமரா தள்ளுவதெல்லாம் கெட்டதுதானா என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, கெட்டது தப்பிவிடக் கூடாது என்று கொஞ்சம் கெடுபிடியாக வைத்திருக்கிறேன், சந்தேகம் வந்தாலும் தள்ளிவிடும் என்றேன். அப்படியானால் அந்தச் சந்தேகத்தை யார் தீர்ப்பது என்றார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி, கூடைப் பக்கம் ஓர் ஆள் எப்போதும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், நான் மாட்டிய எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் என்றேன். அது உண்மையும்கூட.

அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கூடைக்குப் பக்கத்தில் போட்டார். முத்துமாரி அக்கா தூக்குவாளியை அதன் அடியில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டார். உரக்கப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஏ பிள்ள, அளாத. அம்மா மருந்துக்குப் போகல."

தீபாவளிக்கு முந்தின சர்வீஸ்

சீசன் உச்சத்தில் லென்ஸ் துடைத்து, வயரெல்லாம் சரிபார்த்து வரப் போயிருந்தேன். பட்டாசுக் கம்பெனியிடம் அண்ணாச்சியே பேசி டிசைனை மாற்றிவிட்டார். இப்போது எல்லாப் பெட்டியிலும் பிள்ளை கன்னத்தில் பொட்டு. பொட்டில்லாத பிள்ளை வந்தால் கேமரா தள்ளிவிடுகிறது. நான் பழைய பாடத்தையே திரும்ப நடத்த வேண்டியதாயிற்று. மதுரைத் துணி வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கருநீலச் சேலையை யாரும் அவிழ்க்கவில்லை.

துடைப்பதற்காகக் கேமராவை நெருங்கியபோது, அதன் பக்கவாட்டில், கண்ணாடியை விட்டு நன்றாகத் தள்ளி, விரல் நுனியளவு ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. குங்குமம் இல்லை, கண் மை. வெள்ளிக்கிழமைப் பொட்டும் இல்லை. கூடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கையிலிருந்த பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே முத்துமாரி அக்கா சொன்னார்: "பின்ன, நல்லாப் பாக்குது நல்லாப் பாக்குதுன்னு வாரவுக போறவுக எல்லாம் சொல்றாகளே, அதுக்கும் கண்ணு படும்ல தம்பி!"

கேமராவோடு என்னென்ன இணைக்க வேண்டும் என்று கையேட்டில் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு முத்துமாரி அக்காவை உட்கார வைக்க வேண்டும் என்பதை மட்டும் அச்சடிக்கும்போது விட்டுவிட்டார்கள்.