சினை ஊசி

என் அப்பா ஜவ்வாது மலையில் மாட்டு டாக்டர். உத்தியோகப்படி அவர் கால்நடை ஆய்வாளர்தான். ஆனால் மலையில் அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தவில்லை, மாடுகள் உட்பட. எழுபதுகளின் கடைசியில் செங்கத்திலிருந்து அவரை அங்கே மாற்றினார்கள். மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. ஒன்பது வயதுக்குள் ஆஸ்பத்திரிப் பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம்.

அந்த விஷயத்தில் அப்பா கூச்சமே இல்லாதவர். அதாவது, மாடுகளின் விஷயத்தில். பசுவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நடுவாசலில் நின்று உரக்கக் கேட்பார். "எப்பத்துலருந்து கத்துது? தீனி எடுக்குதா? மத்த மாட்டு மேல தாவுதா?" பக்கத்தில் பெண்களும் நிற்பார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. பிறகு, கீழேயிருந்து பஸ்ஸில் வந்த ஐஸ் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, மாடு நிறுத்தும் மரச்சட்டத்துக்குப் போவார். அங்கே மட்டும் நான் போகக்கூடாது. "உள்ள போய்ப் படி" என்று விரட்டுவார். என் காதில் விழுந்தது கடைசியில் சொல்வது மட்டும்தான். "ஊசி போட்டாச்சு. மூணு மாசம் கழிச்சு ஓட்டியா. சினை புடிச்சிதான்னு பாக்கலாம்."

பசுவுக்குச் செய்யும் செயற்கைக் கருவூட்டலுக்கு ஊரில் சினை ஊசி என்றே பெயர். ஊசி என்றால் எனக்குத் தெரிந்தது கையில் குத்துவது.

அந்த வருஷம் சுகாதார நிலையத்து நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையில் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நாளில் அம்மாவின் வயிறு பெரிதானது. பிறகு தம்பி பிறந்தான். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி அது என்பது இன்று தெரியும். அன்று யாரும் எதையும் சொல்லவில்லை. பாப்பா எப்படி வந்தது என்று கேட்டால் அப்பா, "ஆஸ்பத்திரியில குடுத்தாங்க" என்றார். அம்மா, "சாமி குடுத்துச்சு" என்றார். இருவரும் கலந்து பேசி ஒரே பொய்யாகவாவது வைத்திருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நான் கண்ணால் கண்ட ஊசிதான் ஒத்துப்போனது.

மறு வருஷம் எங்கள் பள்ளிக்கு ஜீப் வந்தது. தடுப்பூசி போடப் போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்தார். நான் என் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாட்டு டாக்டர் மகள் சொல்கிறாள் என்றால் அதில் தப்பு இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். பையன்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். அவர்களுக்கு எதற்கு ஊசி என்று ஒருத்தி கேட்டாள். "நம்மள ஏமாத்தறதுக்குடி" என்றேன். அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் பின்பக்கமாக இறங்கி, பள்ளியை ஒட்டிய சாமைக் கொல்லைக்குள் ஓடினோம். ஓட முடியாமல் ஒருத்தி மட்டும் அகப்பட்டுக்கொண்டாள். அவளுக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா எங்கள் வாசலில் நின்றார். "யம்மா, எம் பொண்ணு ராத்திரி பூரா அழுவுது. மூணு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வரணுமாமே? உம் பொண்ணு சொல்லிக்கீது. இன்னா பேச்சு இது?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை.

அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"சார், உங்க பொண்ணு அந்த மாதிரி விஷயத்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டு..." என்றார் தலைமையாசிரியர்.

"எந்த மாதிரி?"

"அதான் சார். அது."

"ஓ. அதா."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் அறிவியல் பாடம் எடுப்பவர். பாடப் புத்தகத்தில் இனப்பெருக்கம் வந்தால், "இத வூட்ல படிச்சிக்குங்க" என்று பக்கத்தைத் திருப்புகிறவர். மற்றவர் அன்று காலையில்தான் ஒரு பசுவின் கருப்பையைப் பற்றி அதன் சொந்தக்காரரிடம் விலாவாரியாகப் பேசிவிட்டு வந்திருந்தார். "எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார் முதலாமவர். "சொல்றேன் சார்" என்றார் இரண்டாமவர். எதை என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பொம்பளப் புள்ள. நீதான் சொல்லணும்" என்றார். அம்மா விடவில்லை. "நீங்கதானே தெனமும் ஊருக்கெல்லாம் சொல்றீங்க? இவளுக்கும் சொல்லுங்க."

அப்பா என்னை உட்கார வைத்துப் பூவிலிருந்து ஆரம்பித்தார். பூவில் மகரந்தம் இருக்கிறது, தேனீ வருகிறது, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் கொண்டுபோகிறது. இங்கே வந்ததும் அப்பாவுக்கு நெஞ்சில் தெம்பு வந்துவிட்டது. கொம்புத்தேன் எந்த மாசத்தில் நன்றாயிருக்கும், அதில் வெல்லப்பாகு கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று வெகுதூரம் போனார். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அம்மாவத் தேனீ கொட்டுச்சாப்பா?" என்றேன்.

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "ஒரு கன்னுக்குட்டிக்குக் கழிச்சலு. பாத்துட்டு வர்றேன்." அன்றைக்கு மலையில் எந்தக் கன்றுக்கும் கழிச்சல் இல்லை.

அம்மா சமையலறையில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வாடி இங்க. உக்காரு" என்றார். என்னைப் பார்க்காமல் புளியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஊசியும் இல்ல, தேனீயும் இல்ல. பொம்பள வயித்துல கருப்பைன்னு ஒரு பை இருக்குது. பெரியவங்க ஆனப்புறம், புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கறப்ப, அவன் ஒடம்புலருந்து வித்து போயி இவ முட்டையில சேருது. சேந்தா கொழந்த. வளந்தப்புறம் அது வெளிய வர்றதுக்கு..."

அங்கே அம்மா நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு இரண்டு வகைச் சொற்கள்தான் இருந்தன. ஒன்று தெருச்சண்டையில் கேட்பது, இன்னொன்று புத்தகத்தில் இருப்பது. முன்னதை அம்மா சொல்லமாட்டார், பின்னது அவருக்குத் தெரியாது. கடைசியில், மாடுகளுக்கு அப்பா சொல்லும் சொல்லையே எடுத்துப் போட்டார். என் பாடம் அப்படித்தான் முடிந்தது, பாதி மனுஷி, பாதி பசு. ஆனால் தெளிவாக இருந்தது.

பிறகு கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மூணு வருசத்துல உனக்கு ரத்தம் வரும். பயந்துக்காத, அது நோவு இல்ல. எனக்கு யாரும் சொல்லல. செத்துடுவேன்னு நெனச்சு மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சினு இருந்தேன், பொழுது சாயற வரைக்கும்." ஒரு கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "யாராச்சும் தொட்டு உனக்குப் புடிக்கலன்னா கத்து. வந்து எங்கிட்ட சொல்லு. யாரா இருந்தாலும்" என்றார்.

கொட்டாயில் ஒளிந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்து அழுகை வந்தது. அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து நானும் கொட்டை எடுத்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக, நான் முன்பு சொன்னது தப்பு என்று எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். சரியானதையும் சொன்னேன். ஊசிக்கு அழுதவள் அன்றுதான் சிரித்தாள். ஜீப் திரும்ப வந்தபோது ஒருத்தியும் ஓடவில்லை.

ஆனால் நான் பொய் சொன்னபோது வாசலுக்கு வந்தது ஒரே ஒரு அம்மா. உண்மையைச் சொன்னதும் தெருவே வந்தது. "இன்னாம்மா, இப்டியா புள்ளைக்குச் சொல்லிக் குடுப்ப? நாங்கல்லாம் தெரிஞ்சினா கண்ணாலம் கட்னோம்?"

அம்மா சண்டைக்குப் போகவில்லை. "உள்ள வந்து பேசுங்க" என்றார். உள்ளே போயும் கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு சத்தம் குறைந்தது. யாரோ ஒருவர் மெல்ல எதையோ கேட்டார், அம்மா பதில் சொன்னார். இன்னொருவர் கேட்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் எழுந்தது. அம்மா எழுந்து வந்து, "நீ போயி வெளையாடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அப்பா ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வந்தார். சாத்திய கதவைப் பார்த்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் வந்த வழியே திரும்பி டீக்கடைக்குப் போய், கடைசிப் பெண் வெளியேறும் வரை அங்கேயே இருந்தார்.