ஓசித் தேத்தண்ணி குற்றமான கதை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: பாடம் நடத்திய வாத்தியார், சலவைக்காரர்கள் இருவர், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர், அச்சுக்கோப்பவர் ஒருவர், நான். கடைசி பெஞ்சில் எங்கள் வட்டாரத்து மாத்தா. போலீஸ்காரரை அப்போது அப்படித்தான் சொல்வோம். சீருடையில்லாமல் வந்திருந்தார். வேவு பார்க்க வந்தாரோ என்று முன் பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டேன்.

சுயாட்சி வந்த புதிது. சிராங்கூன் சாலை மாடியறை ஒன்றில் ஞாயிறு மத்தியானம் குடிமைப் பாடம் நடக்கும். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் போய்வந்தேன். மாத்தா பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைய பாடம், ஜனநாயகத்தில் காவல்துறை.

"போலீஸ் நமக்கு எஜமான் இல்ல, நம்ம வரிப்பணத்துல சம்பளம் வாங்குற ஊழியர்," என்றார் வாத்தியார். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. "அவருக்கு ஓசியில ஒரு தேத்தண்ணி கொடுத்தாலும் லஞ்சம். வாங்குனவரும் குத்தவாளி, கொடுத்தவரும் குத்தவாளி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் தேத்தண்ணிக் கடை ஐந்தடி நடைபாதையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. அந்த இடம் போனால் வீட்டில் அடுப்பெரியாது. ரோந்து வரும்போது இதே மாத்தாதான் தினமும் ஒரு கிளாஸ் குடிப்பார். நான் காசு கேட்டதில்லை, அவர் நடைபாதையைப் பார்த்ததில்லை. இதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் வந்தார், குடித்தார், போகாமல் நின்றார்.

"எவ்வளவு அண்ணே?"

வாங்கினால் கோபிப்பாரோ, வாங்காவிட்டால் ஜெயிலோ? "உங்க இஷ்டம் சார்," என்றேன்.

"இஷ்டம்னா அதுவும் லஞ்சம்லா. விலையச் சொல்லுங்க."

"பத்துக் காசு."

பையைத் தடவினார். சம்பளத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. "கணக்குல வைங்க."

பக்கத்துப் பூக்கடைக்காரர் சிரித்தார். "ஓசியில குடிச்சவரு கடன்காரர் ஆயிட்டாரு. நாடு முன்னேறுது போங்க!"

எனக்கோ பெரிய நிம்மதி. அவரும் யோக்கியர், நானும் யோக்கியன். இரண்டு வாரம் இப்படி யோக்கியமாக இருந்தோம். பிறகு ஒரு சாயங்காலம் குடித்து முடித்து, சம்மன் புத்தகத்தை எடுத்தார்.

"நடைபாதைய மறிச்சிருக்கீங்க அண்ணே."

"இத்தனை வருஷமா இங்கதானே சார் இருக்கு!"

"முன்ன உங்க ஓசித் தேத்தண்ணி தொண்டையில நின்னுச்சு, எழுத வரல. இப்பத்தான் நமக்குள்ள ஒண்ணும் இல்லையே."

"பாக்கி இருக்கே சார்!"

"அது கடன். கடன் லஞ்சத்துல சேராது. வாத்தியார்ட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன்."

கோர்ட்டில் அபராதம் கட்டினேன். கடை பின்சந்துக்குப் போயிற்று. வியாபாரம் பாதி நடைபாதையிலேயே நின்றுவிட்டது. மாத்தா சம்பள நாளுக்கு முன்பே பரீட்சையில் தேறி, சட்டைக் கையில் புதுப் பதவிப் பட்டையோடு வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலானார்.

"நேரா போய்ப் பாக்கியக் கேளுங்க. உங்க ஊழியர்தானே?" என்று பூக்கடைக்காரர் தூண்டிவிட்டார். போனேன். அந்த ஸ்டேஷன் வாசலில் நின்ற இன்னொரு மாத்தா, "என்ன வேணும்?" என்றார். மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மரியாதையாகத்தான் சொன்னார்.

குடியுரிமைத் தாளும் வந்துவிட்டது. இப்போது கேட்க எனக்கு முழு உரிமை உண்டு. பதினாலு கிளாஸ் பாக்கி, ஒரு வெள்ளி நாற்பது காசு.