விடிவெள்ளி அணிக்குப் பதினொன்றாவது ஆள்: உவரியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை

மார்ச் மாதக் கடைசி வாரம் திருச்சியிலிருந்து உவரிக்கும், அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கும் போய் வந்தேன். விடுப்புக் கேட்டபோது, "கோயிலுக்கா, அருவிக்கா?" என்றார்கள் அலுவலகத்தில். கால்பந்து ஆட்டம் பார்க்க என்றதும் அடுத்த கேள்வி வரவில்லை.

உவரி கடலோர ஊர். அங்கே விடிவெள்ளி என்று ஒரு பெண்கள் கால்பந்து அணி இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் திருச்சியில் ஒரு போட்டிக்கு வந்து, முதல் சுற்றிலேயே தோற்று, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அணித் தலைவி மெர்சியோடு பழக்கம். இருபத்தேழு வயது, தடுப்பாட்டக்காரி. போன வருடம் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் தகடு வைத்துப் படுத்திருந்தபோது, ஞாயிறுதோறும் அவர்கள் ஆட்டத்தை யாரையாவது வீடியோ எடுக்க வைத்து அனுப்புவாள். அதில் பந்தைவிட எடுப்பவளின் கட்டைவிரல்தான் அதிகம் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதமும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது என்றால், அது அவர்களால்தான்.

இந்த வருடம் காயம் அவர்கள் பக்கம் போய்விட்டது. ஜனவரியில் கோல்கீப்பர் ஜெனிபாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பிப்ரவரியில் மெர்சிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு பேர். எட்டு அணிகள் ஆடும் வட்டார லீக்கில் கடைசி இரண்டு அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். விடிவெள்ளி ஏழாவது இடத்தில் இருந்தது. ஆறாவது அணிக்கும் அதே புள்ளிகள்தான். கோல் கணக்கில்தான் அவர்கள் மேலே. அவர்கள் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. விடிவெள்ளிக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. டிரா செய்தாலே தப்பித்துவிடலாம்.

"எறங்கிட்டா வீட்டுல போதும்னு சொல்லிருவாங்க அக்கா. பாதிப் பிள்ளையளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு," என்று மெர்சி போனில் சொன்னாள். அன்றே பயணச்சீட்டு எடுத்தேன்.

திருச்சியிலிருந்து நெல்லைக்கு ரயிலில் படுக்கை வசதிக்கு 235 ரூபாய். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஜங்ஷனில் இறங்கி, புதிய பேருந்து நிலையம் போய், திசையன்விளை பேருந்து பிடித்தேன். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 58 ரூபாய். அங்கிருந்து உவரிக்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தோணியார் கோயிலை ஒட்டி விடுதிகள் உண்டு. நான் தங்கிய அறைக்கு 600 ரூபாய். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம், அறை கிடைக்காது. சனிக்கிழமை என்பதால் கடல் பார்த்த அறையே கிடைத்தது. சாயங்காலம் மெர்சி ஊன்றுகோலோடு வந்து, தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனாள். அயிலை மீன் குழம்பு. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு வேன் கிளம்பியது. ஆளுக்கு 250 ரூபாய். இருபத்தொரு இருக்கை வேனில் இருபத்தாறு பேர்: ஆடப் போகிறவர்கள் பதினொரு பேர், காயம்பட்டவர்கள் நான்கு பேர், பயிற்சியாளர் சேவியர் சார், மீதி நாங்கள் ரசிகர்கள். காயம்பட்டவர்களுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று முன் இருக்கைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம். ஓட்டியவர் சூசை அண்ணாச்சி, வேன் அவருடையதுதான். அவர் மனைவி பிலோமி எனக்குப் பக்கத்தில். முப்பத்தொன்பது வயது, மீன் வியாபாரம். அணியின் ரசிகர்களில் அவர் குரல்தான் பெரியது. வீடியோக்களில் நான் கேட்டுப் பழகிய குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது.

"என் பேரும் ஆட்டக்காரிய பேரோட பதிஞ்சிருக்கு, தெரியுமா?" என்றார். "வருசம் தொடங்குறப்ப பேரு கொறையுதுன்னு சேவியர் சாரு எழுதிக்கிட்டாவ. கல்யாணத்துக்கு முன்ன ஆடுனது. இப்ப ஓடுனா சீலைதான் முன்னால போவும், நான் பொறத்தால வருவேன்."

வேனே சிரித்தது.

வழி இப்படி: உவரி, திசையன்விளை, நாங்குநேரி, களக்காடு, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, ஆற்றைத் தாண்டினால் அம்பை எனப்படும் அம்பாசமுத்திரம். வேனின் மீட்டரில் 92 கிலோமீட்டர் காட்டியது. திசையன்விளை தாண்டும்வரை செம்மண்ணும் பனையும் காற்றாலையும். வழியில் பதநீர் குடித்தோம், ஒரு குவளை 30 ரூபாய். களக்காடு வந்ததும் வாழை தொடங்கிவிடுகிறது, மலை பக்கத்தில் வந்துவிடுகிறது. அறுவடை முடிந்த நேரம். வயலில் வைக்கோல் சுருட்டிக் கிடந்தது. சேரன்மகாதேவியில் ஒரு மர நிழலில் நிறுத்தி, கொண்டு வந்த எலுமிச்சை சாதமும் சாளைப் பொரியலும் சாப்பிட்டோம். ஆடப் போகிறவர்களுக்குப் பொரியல் கிடையாது, வாழைப்பழம் மட்டும். அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவே இல்லை.

இரண்டரைக்கு மைதானம். ஊருக்கு வெளியே, பின்னால் மலை, மூன்று பக்கம் தென்னை. நான் பார்த்த மைதானங்களில் இவ்வளவு அழகானது வேறு இல்லை. அனுமதி இலவசம்.

உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. வலது தடுப்பாட்டக்காரி ரோசி ஒரு குழியில் கால் வைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கியது. அவள் எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல சார், ஆடிருவேன்" என்றாள். இரண்டு அடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் அழுதாள். ஜெனிபா கட்டுப் போட்ட கையாலேயே அவளை அணைத்துக்கொண்டாள்.

சேவியர் சார் மீதிப் பத்துப் பேரையும் ஒரு தரம் எண்ணினார். பிறகு ரசிகர் பக்கம் வந்தார்.

"பிலோமி, வாறியாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை.

"சார், வெளையாடாதிய," என்றார் பிலோமி.

"பத்து பேர வச்சு ஆடலாம். சட்டம் விடும். ஆனா அந்த வலது பக்கம் தெறந்து கெடக்கும். நீ அங்கன நின்னா மட்டும் போதும்."

சூசை அண்ணாச்சி வேன் பக்கத்திலிருந்து வந்தார். "வேண்டாம் சார். அவ விழுந்து கெடந்தான்னா நாளைக்கு யாவாரத்துக்கு யாரு போவா? பிள்ளையள யாரு பாப்பா?" கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

பிலோமி அவரைப் பார்த்தார், ரோசியைப் பார்த்தார். பிறகு மெர்சியிடம், "ஏளா, ஒன் பூட்ஸ வேன்ல வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

ஆட முடியாதவள் ஏன் பூட்ஸைக் கொண்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. மெர்சியின் பூட்ஸ் பிலோமிக்குப் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்து, மூன்றாவதும் போட்டார்கள். ரோசி வேனுக்குள் வைத்துத் தன் ஆட்டச் சட்டையையும் அரைக்கால் சட்டையையும் மாற்றிக் கொடுத்தாள். சூசை அண்ணாச்சி மைதானத்தின் மறுகோடிக்குப் போய், தென்னை ஓரமாகத் தனியாக நின்றுகொண்டார்.

ஆட்டம் நான்கு மணிக்கு. பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம்.

முதல் பாதி கொடுமை. அம்பை அணியின் இடது ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், பத்தொன்பது இருபது வயதிருக்கும், காற்றாகப் பறந்தாள். பிலோமி திரும்புவதற்குள் அவள் எங்கள் பக்கத்து மூலைக் கொடியருகே போய்விடுவாள். இருபதாவது நிமிடத்தில் அந்தப் பக்கம் வந்த பந்துதான் கோலானது. எங்கள் பக்கம் கத்த ஆளில்லை. வழக்கமாகக் கத்துகிறவர் உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பிலோமி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "என்னைய மாத்திருங்க சார்" என்றார்.

"யார வச்சு மாத்த?" என்றார் சார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் கொஞ்சம் உயிர் திரும்பியது.

மெர்சி ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிலோமியின் கையைப் பிடித்தாள். "அக்கா, பந்தப் பாக்காதிய. அந்தப் பிள்ளையோட இடுப்பப் பாருங்க. அது எங்கன திரும்புதோ அங்கனதான் போவா. ஓடிப் பிடிக்க வேண்டாம். பைய பின்னால போங்க, வழிய மட்டும் விடாதிய."

இரண்டாம் பாதியில் பிலோமி வழியை விடவில்லை. அழகாக ஆடினார் என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண் முன்போல் கொடியருகே போகவில்லை. இருபதாவது நிமிடத்தில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஸ்டெல்லா என்ற கல்லூரி மாணவி ஓங்கி அடித்தாள். பந்து கோல்கீப்பருக்கு முன்னால் குத்தி எழும்பி, அவள் தலைக்கு மேல் வலைக்குள் போனது. நான் பக்கத்தில் இருந்த யாரையோ கட்டிப் பிடித்தேன். பிறகு பார்த்தால் அவர் அம்பை ரசிகர். "பரவால்ல, இருக்கட்டும்" என்றார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பிலோமி காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். "கொரக்களி பிடிச்சிருச்சு!" என்று பக்கத்தில் ஒருவர் கத்தினார். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிவிட்டது. பந்து அந்த இரட்டைச் சடைப் பெண்ணிடம் இருந்தது. முன்னால் ஒருவரும் இல்லை. அவள் நின்றாள். பந்தை வெளியே தட்டிவிட்டு, மண்டியிட்டு, பிலோமியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். "மூச்ச விடுங்க அக்கா, பைய, பைய" என்று அவள் சொன்னது கோட்டுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. அவளுடைய அணியில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிலோமி எழுந்து நின்று ஆட்டம் தொடங்கியதும், எங்கள் ஆட்கள் பதில் மரியாதையாகப் பந்தை அவர்களிடமே எறிந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் அம்பைக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்துக்குள் விழுந்து, யாரோ வேகமாக அடித்தார்கள். கோல் கோட்டருகே நின்ற பிலோமி பயந்துபோய் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினார். பந்து அவர் முதுகில் பட்டு வெளியே போனது. விசில்.

ஒன்றுக்கு ஒன்று. விடிவெள்ளி தப்பித்தது.

எங்கள் ஆட்கள் பிலோமியைத் தூக்கப் பார்த்து முடியாமல், சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அம்பை அணியினர் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள், ரோசிக்கு ஒரு பை, பிலோமிக்கு ஒரு பை. மறுகோடியிலிருந்து சூசை அண்ணாச்சி நடந்து வந்தார். வந்து, குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு சாக்ஸாக உருவினார்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் படித்துறையில் நிறுத்தினோம். எல்லாரும் தாமிரபரணியில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். மெர்சி மேல் படியில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். மே மாதம் அவளுக்கு அறுவைச் சிகிச்சை.

"நான் இல்லன்னா தோத்துருவாங்கன்னு நெனச்சேன் அக்கா," என்றாள். "தோக்கலன்னதும் ஒரு மாதிரியா இருந்துச்சு. சந்தோசந்தான். ஆனா ஒரு மாதிரி."

அவள் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, "ஏளா, தண்ணிய இங்கிட்டுத் தெறிங்க, எனக்கும் சூடா இருக்கு" என்று கீழே கத்தினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆட்டங்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை. முதல் நாளே உள்ளூரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், நேரம் மாறும். உவரி வரை போகாமல் ஆட்டம் மட்டும் பார்ப்பதானால் நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ரயிலும் பேருந்தும் அடிக்கடி உண்டு, ஒரு மணி நேரப் பயணம். குடையும் தண்ணீரும் அவசியம். இருக்கைகள் இல்லை, ஒரு துண்டு கொண்டு போங்கள். மைதானத்தில் கழிப்பறை வசதி சுமார்தான், பெண்கள் பேருந்து நிலையத்திலேயே போய்விட்டு வருவது நல்லது. ஊருக்குத் திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்க மறக்க வேண்டாம். இரண்டு அணிக்கும் கைதட்டுங்கள். செலவு என்று பார்த்தால், போக வர எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. அதற்குக் கிடைத்ததை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திரும்பிய கதை மட்டும் பாக்கி. திங்கள் காலை ஏழு மணிக்கு உவரி நிறுத்தத்தில் திசையன்விளை பேருந்துக்காக நின்றிருந்தேன். பிலோமி வந்தார், ஒவ்வோர் அடியாக, இரண்டு காலும் மரக்கட்டைபோல. அவருக்குப் பின்னால் சூசை அண்ணாச்சி, தலையில் சும்மாடு கட்டி, மீன் கூடையைச் சுமந்துகொண்டு.

டீக்கடையில் இருந்த ஒருவர் சிரித்தார். "என்ன வே, இன்னைக்கு நீரு கூட தூக்குதீரு?"

சூசை அண்ணாச்சி கூடையை இறக்கவில்லை. நிமிர்ந்தபடியே, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நேத்து இவ ஆட்டம் ஆடுனா வே. இன்னைக்கு இவளுக்கு ஓய்வு."