ஷாக்கப்சருக்குள் காற்று

"புஸ்" என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே பழைய ரப்பரும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. மாமாவின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு தடித்த கால்களில் இடது காலின் உச்சியில் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதை அவர் நகத்தால் அழுத்தும்போதெல்லாம் அந்த வாடை என் மூக்கில் வந்து மோதும், நான் பயந்து பின்னால் போய்விடுவேன். "இன்னா பாப்பா, வெறும் காத்துக்குப் போயி பயப்படுற" என்று சிரிப்பார் மாமா. பிறகு அவரே, "ஆனா லாரி டயர்ல இருக்குறதவிட சாஸ்தி காத்து. நீ கை வைக்காத" என்று சொல்லி என் பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் போவார். கடலூர் ரோட்டில் லாரி டயர் வெடித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும் அதிரும் என்பதால், அந்தச் சைக்கிளை நான் திரி வைத்த பட்டாசைப் போலத்தான் சுற்றிப் போவேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை "சொல்தா" என்பார்கள். பொங்கலுக்கு வரும்போது ஒருமுறை அந்த மலைச் சைக்கிளை அட்டைப்பெட்டியில் பிரித்துப் போட்டு விமானத்திலேயே கொண்டுவந்தார். பாகூர் ஏரிக்கரையில் விடிகாலையில் ஓட்டுவார். திரும்பி வந்ததும் கடிகாரம் மாதிரி முள் வைத்த குட்டிப் பம்பை ஊசிமேல் திருகிக் காற்று அடிப்பார். அந்த நேரத்தில் அப்பா வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார் என்பதால், இந்தக் காற்றடிக்கும் வேலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அப்பாவுக்கு ஒரு கண்தான். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், கரும்புக்குச் சோகை உரிக்கும்போது காய்ந்த தோகை இடது கண்ணைக் கீறி, அது பழுத்து, பார்வையே போய்விட்டது. அதைவிட அம்மாவைத் தின்றது வேறொன்று. அன்று காலை அப்பா அரிவாளோடு கிளம்பும்போது, "பாத்துங்க, சோகை கண்ணுல குத்திடப் போவுது" என்று அவள் வாய் திறந்து சொல்லியிருந்தாள். சொன்னதுதான் நடந்தது, தன் வாய்முகூர்த்தம்தான் அந்தக் கண்ணைப் பறித்தது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து "பாத்து" என்றோ "பத்திரம்" என்றோ சொன்னதில்லை. மற்ற பிள்ளைகளை அவர்கள் வீட்டில் "பாத்துப் போ" என்று பஸ்ஸுக்கு அனுப்பும்போது, என்னை வெறும் "போயிட்டு வா"வோடு அனுப்பிவிடுவார்கள். குடையில்லாமல் மழையில் இறங்குவதுபோல் இருக்கும் எனக்கு. விழுந்துடும், உடைஞ்சிடும், வெட்டிடும் எல்லாமே தடை. மறந்து சொல்லிவிட்டால் அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள், அதைப் பார்ப்பதற்கு நாமே அடி வாங்கிவிடலாம் என்றிருக்கும்.

சைக்கிள் வந்த அந்த வருஷம் மாமா காரைக்காலில் இருக்கும் தன் மாமனார் வீட்டுக்குக் கிளம்பும்போது, சைக்கிளின் முன்காலில் எண்ணெய் கசிந்திருப்பதைப் பார்த்து, "இதை இந்தப் பக்கத்துல எவனும் தொறக்க முடியாது, பிரான்சுக்கு எடுத்துட்டுப் போயித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் காதில் விழக்கூடாத பேச்சு அது. மோட்டார் கொட்டாயில் எந்தப் பழுதானாலும் ஆளைக் கூப்பிடாமல் தானே பிரித்து மாட்டுகிறவர் அவர். "இன்னா பெரிய கம்பசூத்திரமா? நம்ம வண்டி ஷாக்கப்சர்ல போற ஆயில் சீல்தான இதுலயும் போயிருக்கும்" என்று சொல்லி, மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு "பைப் ரிஞ்சு"டன் வாசல் ஷீட்டுக் கூரைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைக் கழற்றி, அந்த இரட்டைக் காலைத் தனியாக உருவி எடுத்தார். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் அதை நிறுத்தி, "ஆடாம புடி பாப்பா" என்றார். நான் குத்துக்காலிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீறல் விழுந்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று பழைய லுங்கித் துணியைச் சுற்றி, முதலில் வலதுகால் மூடியை ரிஞ்சால் கவ்வித் திருகினார். மூடி சாதுவாகக் கழன்று வந்தது, உள்ளே ஒரு கம்பியும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தன, அவ்வளவுதான். அப்பா என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் உங்க மாமன் அம்மாம் பில்டப்பு" என்று சிரித்தார்.

பிறகு இடது காலுக்கு வந்தார்.

ஊசியை மூடியிருந்த குட்டி மூடியை அவர் அழகுக்கு வைத்தது என்று நினைத்தாரோ என்னவோ, அதைத் தொடவேயில்லை. அதைச் சுற்றியிருந்த பெரிய மூடியைக் கவ்வினார். அது இறுக்கமாக இருந்தது. ரிஞ்சு வழுக்கி மீண்டும் கவ்வியபோது ஒரு கிறீச் சத்தம் வந்து என் பல்லெல்லாம் கூசியது. "அப்பா, அதுல..." என்று ஆரம்பித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்திவிட்டு, "வேலை செய்யும்போது இன்னாடி பேச்சு, வாய மூடு" என்றாள். அவள் பார்த்த பார்வையில் மீதிச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. சொன்னால் நடந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவள் நான். "வெடிக்கும்" என்று என் வாயால் சொல்லி, அது வெடித்துவிட்டால்? சொல்லாமல் விட்டு, அப்போதும் வெடித்துவிட்டால்? மூடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியது. மரை எத்தனை சுற்று மிச்சமிருக்கிறது என்று பார்க்க அப்பா குனிந்தார். ஒற்றைக் கண்ணில் பார்ப்பதால், கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணை நேராக அந்த மூடியின் மேலே கொண்டுவந்து வைப்பார்; இன்றும் செய்தித்தாள் படிக்கும்போது அப்படித்தான் சாய்ப்பார். எங்கள் வீட்டுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு கண், மூடிக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அப்போது மூடியின் ஓரத்திலிருந்து மெதுவாக "ஸ்ஸ்ஸ்" என்று வந்தது. எனக்குத் தெரிந்த வாடை.

"அப்பா! மாமா போனு!"

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன் உள்ளே டிவி மேல் இருந்தது, அது அடிக்கவேயில்லை. அப்பா, "மாமனா?" என்று முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பினார், திருப்பும்போதே கை பழக்கத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தது.

லாரி டயர் சத்தம்தான். மூடி அவர் காதோரமாகப் போய்க் கூரை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது, எண்ணெய் அவர் கன்னத்திலும் என் பாவாடையிலும் தெறித்தது, அம்மாவின் முறம் கவிழ்ந்தது. அதன்பிறகு எதுவுமே கேட்கவில்லை, காதுக்குள் "ங்ங்" என்று மட்டும் இருந்தது. அப்பா சேறு மாதிரிக் கிடந்த எண்ணெயில் உட்கார்ந்து, நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். பொத்திய கையை எடுக்கவேயில்லை. பிறகு மெதுவாகக் கையை எடுத்து, கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, "தெரியுது பாப்பா" என்றார். அதற்குப்பிறகுதான் நான் அழுதேன்.

"மாமன் லைன்ல இருக்கானா?"

"இல்லப்பா. அதுல காத்து இருக்குப்பா."

அப்பா கூரை ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். போகிற போக்கில் அந்த இரட்டைக் காலையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த மூடி கிடைக்கவேயில்லை. காரைக்காலிலிருந்து திரும்பிய மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார், முகம் வெளுத்துப்போய்ச் சோறுகூடச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்பா வாசலிலிருந்து, "பாப்பா, மாமா போனு!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன், சிரித்தார். அன்றிலிருந்து "பாத்து" என்பதற்குப் பதில் அதுவே எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. பாம்பு நடமாடும் வரப்புக்கு அப்பா போனால் அம்மா சொல்வாள், "மாமா போனுங்க" என்று, தன் தம்பியைத் தானே மாமா என்று சொல்கிற கூச்சமே இல்லாமல்.

இப்போது அந்த ஷீட்டுக் கூரை இல்லை, தளம் போட்டாயிற்று. மத்தியானத்தில் ஓட்டை வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டமும் போயிற்று. மாமாவுக்கு முட்டி தேய்ந்து விமானம் ஏறுவதே அபூர்வம். மூடியில்லாத அந்தச் சைக்கிள் எந்தப் பழைய இரும்போடு போனதென்று யாருக்கும் ஞாபகமில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் அப்பாவின் அந்த ஒரு கண்ணில் புரை முற்றி, அறுவை செய்தே ஆகவேண்டும் என்றார்கள். பச்சை அங்கியில், சொட்டு மருந்து போட்டு மங்கிய கண்ணோடு, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குள் போகப்போனார். அம்மா புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடியும் வாசலில் குத்துக்காலிட்டிருந்த அந்தச் சிறுமியானேன்.

"அப்பா, மாமா போனு" என்றேன்.

அப்பா நின்றார். குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார்.

"லைன்லயே இருக்கச் சொல்லு பாப்பா. தோ வந்துட்றேன்."