டிபன் டப்பாவுக்குள் ஓர் உறுமல்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளையார்பாளையத்தில் அம்மன் கோயில் ஆடித் திருவிழா மேடையில், தெரு நிறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு டிபன் டப்பாவைக் காலால் மிதித்தேன்.

சாப்பாட்டு டப்பாவை மிதிக்கலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். உள்ளே சாப்பாடு இல்லை. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, நாலைந்து ஒயர், அப்புறம் என் மானம்... அவ்வளவும் அதற்குள்தான் இருந்தது.

இதை எழுதும்போதுகூடக் கை பரபரக்கிறது. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் இரட்டை வாழ்க்கை தெரியும். பகலில் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் காஞ்சிபுரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார். நாலே நாலு தந்தி. ஒவ்வொன்றும் துணி காயப்போடலாம் போல அவ்வளவு கனம்.

பேஸ் கிட்டார்காரன் பிழைப்பு என்ன பிழைப்பு தெரியுமா? பாடுகிறவருக்குக் கை தட்டுவார்கள். டிரம்ஸ்காரருக்கு விசில் அடிப்பார்கள். என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்பார்கள். கல்யாண ரசத்தில் பெருங்காயம் மாதிரி — இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். பதினோரு வருஷம் பெருங்காயமாகவே இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

அப்போதுதான் மெட்ராஸில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு வெளிநாட்டு ரிக்கார்டைக் கேட்டேன். அதிலும் பேஸ் கிட்டார்தான்... ஆனால் உறுமுகிறது! 'டும்' என்று சொல்லிவிட்டு அடங்கிப்போகிற சாது வாத்தியம், அங்கே 'ட்ர்ர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டு கத்துகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இது எப்படிப்பா?" என்றேன்.

"ஃபஸ் பெடல்னு ஒண்ணு இருக்கு. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல வைப்பாங்க. காலால மிதிச்சா சத்தத்தை வேணும்னே கெடுக்கும்" என்றார் நண்பர்.

வேணும்னே கெடுக்கிற பெட்டி! அடுத்த பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே கரீம் பாய் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன்.

பாய் நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார், தபியத்... ஒடம்பு நல்லா இருக்குதா? இருபத்தஞ்சு வருஷமா கரகரப்பை எடுக்கறதுதான் என் பொழப்பு. நீங்க வந்து கரகரப்பைப் போட்டுக் குடுன்றீங்களே!"

நாலு நாள் நடையாய் நடந்தேன். அஞ்சாவது நாள் அவருக்கே ஆசை தொற்றிக்கொண்டது. எங்கோ ஒரு பழைய பத்திரிகையில் படம் கண்டுபிடித்து, ஓர் அலுமினிய டிபன் டப்பாவுக்குள் எல்லாவற்றையும் பொருத்தினார். மேலே ஒரு ஸ்விட்ச் வேண்டுமே? கார் டிரைவர்கள் ஹெட்லைட்டை டிம் பண்ணக் காலால் அமுக்குகிற ஸ்விட்ச் பழைய சாமானில் கிடைத்தது. ஒரு மிதி மிதித்தால் உறுமும். இன்னொரு மிதி மிதித்தால் சாதுவாகிவிடும்.

கடையிலேயே வாசித்துப் பார்த்தோம். அடேயப்பா! அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. பாய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என் சர்வீஸ்ல இவ்ளோ கெட்ட சத்தத்தை நான் செஞ்சதே இல்ல சார்!" என்றார். அதில் எவ்வளவு பெருமை தெரியுமா?

போன மாதம் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சர்ப்ரைஸ் கொடுக்கப் போகிறேனாம்! நாலாவது பாட்டு... பல்லவி முடிந்தது... மிதித்தேன்.

ட்ர்ர்ர்ர்ர்ர்!

அடுத்த வினாடி மேடையே ஊமையாகிவிட்டது. மைக் இல்லை, ஆர்கன் இல்லை, பந்தலில் சீரியல் லைட் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்த்தால், மைக் செட் ஏகாம்பரம் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"சார், ஸ்பீக்கர் கிழிஞ்சிபோச்சு சார்! புதுசு சார் அது!"

"கிழியலைப்பா. அது நான் வாசிச்சது."

"வாசிச்சீங்களா... இதையா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மைக் செட்காரர்கள் காதுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் விளக்கு அணைந்தால் சும்மா விடுவார்களா? பெண்ணின் அத்தை அபசகுனம் என்று ஆரம்பிக்க, அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எங்களுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

திரும்பி வரும் வேனில் தேவராஜ் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அவர்தான் எங்கள் குழுத் தலைவர். அக்கார்டியன் வாசிப்பவர். குழுவுக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான், கழிப்பதும் அவர்தான்.

"யோவ் பேஸு! தகர டப்பாவை வெச்சிகினு என் பேரை நாறடிச்சிட்டியே! அதெல்லாம் ஒரு சத்தமாய்யா? மாவு மெஷின்காரன்கூட இதுக்கு எண்ணெய் போட்டு நிறுத்துவான்."

நல்லவேளை, பெண்ணின் தம்பிகள் நாலு பேர் மேடைக்கு வந்து, "அந்தச் சத்தம் இன்னொரு தபா போடுங்க" என்று கேட்டிருந்தார்கள். அதற்காக மாஸ்டர் ஒரே ஒரு சலுகை கொடுத்தார்.

"அம்மன் கோயில் கச்சேரியில ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கும் சொதப்பினேன்னு வெச்சிக்கோ, டப்பாவும் வேணாம், நீயும் வேணாம். ஆர்கன்காரன் இடது கையாலயே பேஸ் போட்டுக்குவான்."

இடது கையாலா! பதினோரு வருஷம் விரல் தேய வாசித்தவனுக்குப் பதிலாக இன்னொருத்தரின் இடது கை... எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழு இல்லாவிட்டால் நான் வெறும் குமாஸ்தா. வேறு என்ன இருக்கிறது எனக்கு?

வெறி பிடித்த மாதிரி ரிகர்சலுக்குப் போனேன். மிதித்தேன். உறுமல் பிரமாதம்! நான் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிக் கிடக்கிறேன்... சரணத்தின் நடுவில் சரோஜா பாட்டை நிறுத்திவிட்டாள்.

சரோஜா எங்கள் பாடகி. காலையிலிருந்து மூன்று மணி வரை தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்வாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு பாட வருவாள். மனசில் பட்டதை ஒளிக்கிற பழக்கம் கிடையாது.

"அண்ணா, நீங்க எங்க போய்ட்டீங்க?"

"இங்கதானேம்மா இருக்கேன்? ஊருக்கே கேக்குதே!"

"சத்தம் கேக்குது. நீங்க கேக்கல. கீழ ஒண்ணுமே இல்ல. நான் நின்னுகினு பாடற பலகையை யாரோ உருவிட்ட மாதிரி இருக்குது. சுதி எங்க புடிக்கறதுன்னே தெரியல."

திரும்ப வாசித்துப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. பெட்டி மேலே உறுமலைக் கொடுத்துவிட்டு, அடியில் இருந்த கனத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. கடையில் தனியாக வாசித்தபோது தெரியவில்லை. டிரம்ஸும் ஆர்கனும் சேர்ந்ததும் பேஸ் மறைந்துபோய், ஒரு பெரிய வண்டு மட்டும்தான் மிச்சம்.

"நான்தான் சொன்னேனே, தகரம்னு" என்றார் மாஸ்டர்.

பாயிடம் ஓடினேன். அவர் எதையெதையோ கழற்றி எதையெதையோ மாட்டினார். அடிக்கனம் வந்தால் உறுமல் போயிற்று. உறுமல் வந்தால் அடிக்கனம் போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் வரை இதே கூத்து. அன்றைய ரிகர்சலில் நான் டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு, "ரெண்டும் சேர்ந்து வரமாட்டேங்குதும்மா, விட்டுடறேன்" என்றேன். ஒளிப்பானேன், அழுகையே வந்துவிட்டது.

சரோஜா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ரெண்டையும் ஏன் ஒரே ஒயர்ல அனுப்பறீங்க?"

"வேற எப்படி அனுப்பறதாம்?"

"எங்க தறியாண்ட வந்து கேட்டா சிரிப்பாங்க. புடவைக்கு உடம்பு மஞ்சள், கரை அரக்குன்னு வெச்சிக்குங்க. ரெண்டுக்கும் ஒரே நாடா ஓட்டினா இன்னா ஆவும்? கரையில மஞ்சள் ஏறிப் பூடும். மஞ்சளும் இல்ல, அரக்கும் இல்ல, அழுக்காத் தெரியும். அதுக்குத்தானே கோர்வை போடறோம்? உடம்புக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. ரெண்டும் சேர்ற எடத்துல மட்டும் கோத்துக்கினு போவணும்."

வெளியூர் வாசகர்களுக்காக: நாடா என்பது தறியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. இந்த ஊரில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். கோர்வைப் புடவை என்ற வார்த்தையைக் கேட்காத நாள் இல்லை. மண்டையில் ஏறியதா? ஏறவில்லையே!

மறுபடி பாய் கடை. தனி நாடா என்றதும் பாய் துள்ளிக் குதித்தார். கிட்டாரிலிருந்து இரண்டு ஒயர் பிரித்தார். ஒன்று, டப்பாவைத் தொடாமல் நேரே பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு. இன்னொன்று, டப்பா வழியாக... எங்கே? இன்னோர் ஆம்ப்ளிஃபயருக்கு எங்கே போவது? பாய் கடை மூலையில் இருந்த தன் சொந்த வால்வு ரேடியோவைத் திருப்பினார். முதுகில், கிராமபோன் ஒயரை மாட்டி ரேடியோ வழியாகக் கேட்கிற ஓட்டை.

"இதுல குடுங்க சார். நாளைக்கு ஒரு நாள் நியூஸ் கேக்காட்டி நான் செத்தா பூடுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஸ்டூல் போட்டு ரேடியோவை வைத்து, அதன் முன்னால் ஒரு மைக்கையும் வைத்தோம். முன்வரிசைப் பெண்கள் சத்தமாகவே கேட்டார்கள்: "இன்னாமா, ரேடியோவுல பாட்டு போட்டு ஏமாத்தப் போறாங்களா?" ஏகாம்பரத்திடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தேன். "சரி சார்" என்றார். ஆனாலும் கை மெயின் ஸ்விட்ச் மேல்தான் இருந்தது.

ஏழாவது பாட்டு. மாஸ்டர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அம்மனை நினைத்துக்கொண்டேன். மிதித்தேன்.

என்னவென்று சொல்வேன்! பெரிய ஸ்பீக்கரிலிருந்து என் பழைய 'டும்' தரையோடு தரையாக வருகிறது. அதன் மேலே ரேடியோவிலிருந்து உறுமல் எழும்புகிறது. இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன, ஆனால் ஒன்றாகவும் இருக்கின்றன. சரோஜா பாட்டை விடாமல் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அடுத்த வரியை அவள் எடுத்த எடுப்பு இருக்கிறதே... கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு!

பாட்டு முடிந்ததும் விசில். எனக்கு! பதினோரு வருஷத்தில் முதல் விசில்! "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். மூன்று தடவை வாசித்தோம். மேடை ஓரத்தில் கரீம் பாய், பக்கத்தில் நின்றவர்களின் தோளை உலுக்கி, "நம்ம கரகரப்பு! நம்ம கரகரப்பு!" என்று கூவிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரட்டுமே, எனக்கென்ன வெட்கம்?

கச்சேரி முடிந்தது. குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மாஸ்டர் வந்து நின்றார். சரி, பாராட்டக்கூட வேண்டாம், திட்டாமல் போனால் போதும் என்று நினைத்தேன். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோவ் பேஸு... இந்த டப்பாவை அக்கார்டியனுக்கு மாட்ட முடியுமா?"

ஒரு புதுச் சாமானைப் பார்த்து உங்கள் பக்கத்தில் யாராவது வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தால் மனசு நோகாதீர்கள். துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்... அவ்வளவுதான்!