கலைமணியின் முகம்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது வெங்கடாசலத்தின் ஃபிளெக்ஸ் கடை. அங்கே பிளசிதான் டிசைனர். காதணி விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் கணினியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும்.

அவள் அப்பா ஜோசப் ராஜ் தொப்பூரில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். டயர் மாட்டும்வரை நிற்கும் லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் பிளசி வரையக் கற்றாள். தாமரை, கழுகு, திருஷ்டிக்குப் போட்ட உருண்டை விழிகள், வாலை நீட்டி வளைத்த எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலின் வண்ணக் கண்ணாடி. சுற்றிலும் இருட்டாக இருப்பதால்தான் அந்தச் சிவப்பு அப்படி எரிகிறது என்பது பூசைக்கு நடுவே அவளுக்குப் பிடிபட்டது. பிறகு பெங்களூரில் ஒரு டிசைன் நிறுவனத்தில் வேலை. எதைச் சேர்க்கலாம் என்பதை விட்டு, எதை எடுத்துவிடலாம் என்று யோசிக்க அங்கே பழகினாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பினாள்.

இங்கே வெற்றிடம் யாருக்கும் பிடிக்கவில்லை. "இவ்ளோ எடம் சும்மா கெடக்குதேங்க, எங்க மாமா போட்டோவ வெச்சுடுங்க" என்பார்கள். வைத்துவிடுவாள். அஞ்சலி பேனரில் மட்டும் பிடிவாதம். படத்தைத் திறக்கும் முன் இறந்தவரைப் பற்றிக் கேட்பாள். எப்படிச் சிரிப்பார், என்ன நிறம் பிடிக்கும்? அதிலிருந்துதான் ஆரம்பிப்பாள். முகத்தில் கை வைக்க மாட்டாள்.

போன ஆவணியில் சித்தேரி மலையிலிருந்து அருள்குமாரும் அவன் அம்மா முனியம்மாளும் வந்தார்கள். அருள்குமாரின் தம்பி கலைமணி தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதி இறந்துபோயிருந்தான். மறுநாள் காரியம். அவனுடைய செல்போனும் விபத்தில் நொறுங்கிவிட்டது. ஆதாரில் இருந்தது பள்ளிக்கூடத்துப் பையனின் முகம். மிச்சம் இருந்தது ஒரு கல்யாணக் கூட்டப் படம். அதில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நகத்தளவு முகம், அதுவும் கலங்கலாக.

"பெருசு பண்ணா படம் கட்டம் கட்டமா ஒடஞ்சுடும்ங்க" என்றாள் பிளசி. "இத இப்படியே சின்னதா வெச்சு, பின்னாடி உங்க மலையையும் சாமை வெளையற காட்டையும் போடறேன். பேரப் பெருசா எழுதிடலாம்."

"வர்றவங்க மொகத்தத்தானே பாப்பாங்க" என்றான் அருள்குமார்.

வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். "ஏஐல போடும்மா. கண்ணாடி மாதிரி வரும்."

போட்டாள். வந்தது. பளிச்சென்ற தோல், வரிசையான பற்கள், நேராகப் பார்க்கும் கண்கள். "தம்பியேதாங்க" என்று அருள்குமார் உடைந்து அழுதான்.

முனியம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "இது யாரு கண்ணு?"

"கலைமணிதாம்மா" என்றாள் பிளசி.

"எம்மவனுக்குப் பல்லு இப்படி இருக்காது. ஒன்னு மேல ஏறி நிக்கும்."

பிளசி பல்லைத் திருத்தினாள். காது இன்னும் விரிந்திருக்கும் என்றாள் முனியம்மாள். விரித்தாள். புருவம் அடர்த்தி என்றாள். அதையும் செய்தாள். ஒவ்வொன்றும் அவள் சொன்னபடியே வந்தது. முகம் மட்டும் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

முனியம்மாள் நினைத்துப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"அவன் மொகமே நெனப்புக்கு வரமாட்டேங்குதே தாயி" என்றாள். "கண்ண மூடுனா இந்தப் பையந்தான் வந்து நிக்கறான். எம்மவனக் காணோம்."

பிளசி பதறித் திரையை அணைத்தாள். கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தாள். முனியம்மாள் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்தாள், தள்ளி வைத்தாள். அந்தக் கலங்கலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்மாவுக்கு வேணாம்னா விட்டுடலாம்ங்க" என்றாள் பிளசி, அருள்குமாரிடம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. மொதல்ல வந்ததையே போடுங்க. ஊரே நல்லாருக்குன்னுதான் சொல்லும்."

வெங்கடாசலம் பிரிண்டரை ஓட்டினார். நேர்ப்பல் சிரிப்போடு முகம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பிளசி அதைச் சுருட்டி அருள்குமாரிடம் கொடுத்தாள்.

ஐப்பசியில் அருள்குமார் மறுபடி வந்தான், அதே முகத்தை வீட்டில் மாட்டுவதற்குச் சின்னதாகக் கேட்டு.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பழகிட்டாங்கக்கா. பேனர்ல மொகத்த மட்டும் வெட்டி வாசச் செவுத்துல ஒட்டிக்கிட்டாங்க. தெனமும் பூ வெக்கறாங்க, அதுங்கிட்டயே பேசறாங்க. அது வெயில்ல வெளுத்துப்போச்சு, அதான்."

அந்தப் பழைய கோப்பு கணினியில் அப்படியே இருந்தது. திறந்தாள். பல்லைத் திருத்திவிடலாமா என்று ஒருகணம் கை போனது. இப்போது மாற்றினால் முனியம்மாள் பழகிப்போன இந்த மகனையும் இழப்பாள். கையை எடுத்துக்கொண்டு, எதையும் திருத்தாமல் பிரிண்டுக்கு அனுப்பினாள்.