ரோசிக்கு வைத்த பத்தியம்

ஆடுகோடியில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்திய கிளாரன்ஸ், அதை மூடிய பிறகு அதே கூரையின் கீழ் நான்கு ஆடுகள் வளர்த்தார். சர்க்கரை நோய்க்காரர். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து அவர் தட்டில் சோறு பாதியாகிவிட்டது.

அவற்றில் சினையாக இருந்த ரோசியின் வயிறு ஒரே மாதத்தில் பீப்பாய் மாதிரி பெருத்தது. “உனக்கும் கொழுப்பு ஏறிப்போச்சுடி” என்று அதன் சோளத்தையும் தவிட்டையும் பாதியாகக் குறைத்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரோசி எழுந்திருக்கவில்லை. தழையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணெதிரே கையை ஆட்டியும் இமைக்கவில்லை. அவர் மனைவி பெட்டியம்மா குனிந்து முகர்ந்தாள்.

“என்னாங்க, வாயில பழ வாசனை வருது. உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனப்ப உங்ககிட்டயும் இதே வாசனைதான்.”

கிளாரன்ஸ் உடனே கால்நடை டாக்டர் சாந்தகுமாரிக்கு போன் போட்டு, பெட்டியம்மா சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

“குட்டி போட எத்தன நாளு இருக்குண்ணா?”

“பத்து நாளு இருக்கும், டாக்டரம்மா.”

“மூத்திரத்துல கீட்டோன் பாக்க ஆஸ்பத்திரில உங்களுக்குக் குடுத்த ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கா? எழுப்பி நிறுத்தினா ஆடு மூத்திரம் போவும். ஸ்ட்ரிப்ப அதுல முக்கிப் பாருங்க. நான் கெளம்பிட்டேன்.”

இருவரும் அணைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஸ்ட்ரிப் கரு ஊதாவாக மாறியது; கீட்டோன் மிக அதிகம்.

அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சாந்தகுமாரி, கழுத்து நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை நீரை ஏற்றினாள். தோலுக்கடியில் கால்சியம் போட்டாள். “ஏளம்மா, ஏளு” என்று எழுந்திருக்கச் சொல்லி, கன்னடத்தில் ஆட்டைக் கொஞ்சிக்கொண்டே பேசினாள்.

“வயிறு பெருத்தது கொழுப்பால இல்ல, ரெண்டு குட்டி இருக்குண்ணா. கடைசி மாசத்துல அதுங்க தாயோட சர்க்கரைய இழுத்துக்கும். தீனி பத்தலன்னா தாய் தன் கொழுப்பையே கரைச்சு ஓட்டும். அதுல வர்ற கீட்டோன்தான் ரத்தத்துல ஏறி இப்படிப் படுக்க வெச்சிடுது.”

“நான்தான் தீனிய கொறைச்சேன்” என்றார் கிளாரன்ஸ்.

அவள் திட்டவில்லை. “நாளைக்குக் கூப்ட்டிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல. இன்னிக்கே கூப்ட்டீங்களே.”

உடம்பில் சர்க்கரையாக மாறும் புரோப்பிலீன் கிளைக்கால் மருந்தை இரண்டு வேளையும் அறுபது மில்லி, புரையேறாமல் வாயோரமாக மெதுவாகப் புகட்டச் சொன்னாள். சோளத்தை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றாள். கூப்பிடாமலே அடுத்த இரண்டு நாளும் வந்து மறுபடி டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினாள்.

மூன்றாம் நாள் ரோசி பெட்டியம்மாவின் கையிலிருந்து குதிரைமசால் தழையைப் பிடுங்கியது. அடுத்த வாரம் இரண்டு குட்டிகள். ஒன்று நோஞ்சான்தான், ஆனாலும் முட்டி முட்டிப் பால் குடித்தது.

அந்த ஞாயிறு சர்ச்சில் சாமியார், யார் யாருக்காகப் பூசை என்று சொல்லும் கருத்துகளை வாசித்தார்: “டாக்டர் சாந்தகுமாரிக்காக, கிளாரன்ஸ் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசை.”

கிளாரன்ஸ் அதை சாந்தகுமாரிக்கு போனில் சொன்னார்.

“எனக்காக யாரும் இப்படிப் பூசை வெச்சதே இல்லண்ணா” என்றாள். “சாயந்திரம் குட்டிங்கள பாக்க வர்றேன்.”